நாக்கு எரிச்சல்: கோளாறு மோட்டாரிலா, கேபிளிலா, பேனலிலா?

வாசகி ஒருவரின் கேள்வி:
அம்மாவுக்கு 57 வயது. எட்டு மாதமாக நாக்கு நுனியும் ஓரங்களும் எரிகிறது என்கிறார். பச்சை மிளகாயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் கிடைக்காத மாதிரி, நாள் முழுக்க. பல் டாக்டர், காது மூக்கு தொண்டை டாக்டர், பொது மருத்துவர், மூன்று பேரும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "நாக்கு சுத்தமாக இருக்கிறது" என்றார்கள். கடைசியாகப் பார்த்தவர் "மனசுல ஏதாவது கவலையா?" என்று கேட்டதும் அம்மா அழுதுவிட்டார். அப்பா பிரமை என்கிறார். பார்த்தால் ஒன்றும் தெரியாத வலி உண்மையாக இருக்க முடியுமா?

2023 ஜூன் 11, இரவு

முடியும். எனக்கே இருக்கிறது, நாலு வருஷமாக. வயது 62. ஒரு நூற்பாலையில் 31 வருஷம் எலெக்ட்ரீஷியன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை, அதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இதற்குப் பெயர் பர்னிங் மவுத் சிண்ட்ரோம். தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் வாயில் எரிச்சல் இருக்க வேண்டும். புண், தடிப்பு எதுவும் இருக்கக் கூடாது. வேறு காரணமும் அகப்படக் கூடாது. அப்போதுதான் அந்தப் பெயரை வைப்பார்கள். மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறதாம். ஆண்களுக்குக் குறைவு. மில்லில் லாட்டரிச் சீட்டு எவ்வளவோ வாங்கினேன், விழுந்தது இதுதான்.

என் கட்சி ஒன்றுதான்: நாக்கில் கோளாறு இல்லை, நாக்குக்குப் போகிற வயரில் கோளாறு. மோட்டார் மக்கர் பண்ணினால் உடனே மோட்டாரைக் கழற்றுகிறவன் புது ஆள். பழைய ஆள் முதலில் கேபிளைத் தொட்டுப் பார்ப்பான். டார்ச் வெளிச்சத்தில் கேபிள் தெரியாது.

2023 ஜூன் 12, காலை

நேற்று அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். நரம்பு என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். பி12, இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், துத்தநாகம், சர்க்கரை, தைராய்டு. இதில் எது சரியில்லாமல் போனாலும் நாக்கு எரியலாம். வாயில் பூஞ்சைத் தொற்று இருந்தாலும், எச்சில் வறண்டாலும் எரியும். எனலாப்ரில், லிசினோப்ரில் மாதிரி சில பிபி மாத்திரைகளும் சிலருக்கு இதைச் செய்யும். பல்செட் உரசலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்கு பி12 தரையில் கிடந்தது. ஊசி போட்டு ஏற்றினார்கள். கால் மரத்துப்போவது நின்றது, நாக்கு நிற்கவில்லை. பிபி மாத்திரையையும் டாக்டர் மாற்றிப் பார்த்தார். வறட்டு இருமல் போனது. நாக்கு போகவில்லை.

2023 ஜூன் 12, மதியம்

அம்மாவிடம் இதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்: சாப்பிடும்போது எரிச்சல் கூடுகிறதா, குறைகிறதா?

2023 ஜூன் 13, இரவு

"குறைகிறது, அதனால்தான் அப்பா நம்ப மாட்டேன் என்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் இதே வழக்குதான். ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பை நான் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டதைப் பார்த்து என் வீட்டம்மா சொன்னது: "எரியுது எரியுதுன்னு சொல்ற வாய்தானே இது?" பதில் சொல்லத் தெரியவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிப் பத்து நிமிஷத்தில் எரிச்சல் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. அதைச் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

ஆனால் இந்த நோய்க்காரர்கள் பலரிடம் பார்க்கிற அடையாளமே இதுதான். காலையில் எழுந்தால் ஒன்றும் இருக்காது, அல்லது லேசாக இருக்கும். பத்து மணிக்கு மேல் ஏறும். சாயங்காலம் உச்சம். சாப்பிடும்போது தணியும். தூங்க ஆரம்பிப்பது கஷ்டம், தூங்கிவிட்டால் எரிச்சல் பெரும்பாலும் எழுப்பாது. புண்ணாக இருந்தால் குழம்பு பட்டதும் குதித்திருப்போம். புண்ணுக்கு எதிர்மாறாக நடந்துகொள்கிறது என்பதே, பிரச்சினை நாக்கின் தோலில் இல்லை என்பதற்கு ஒரு துப்பு.

ஏன் தணிகிறது? முழங்கை கதவில் இடித்தால் உடனே தேய்க்கிறோம் இல்லையா, அதே கதைதான். தொடுகிற உணர்வு வலிச் செய்தியின் வழியை மறிக்கிறது. 1965ல் மெல்சாக், வால் என்ற இரண்டு பேர் இதை ஒரு கதவு மாதிரி விளக்கினார்கள். மெல்லும்போது நாக்குக்குத் தொடு உணர்வு, சூடு, சுவை எல்லாம் ஒரே நேரத்தில் போகிறது. கதவு பாதி மூடிக்கொள்கிறது.

அப்பாவிடம் முழங்கைக் கதையைச் சொல்லிப் பாருங்கள். சூயிங்கம் மென்றாலும் சிலருக்குத் தணியும். இந்த வயதில் பஸ்ஸில் உட்கார்ந்து மெல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது.

2023 ஜூன் 17

மழை, கரண்ட் இல்லை, போனில் எழுதுகிறேன். வயரிங் எப்படி என்று ஒருவர் கேட்டிருந்தார்.

நாக்குக்கு ஒரு கேபிள் அல்ல. முன்பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்கு வலி, சூடு, தொடுதல் எல்லாம் லிங்குவல் நரம்பு வழியாகப் போகும். அது முகத்துக்கு வருகிற டிரைஜெமினல் நரம்பின் கீழ்த்தாடைக் கிளையிலிருந்து பிரிவது. அதே இடத்துக்குச் சுவை மட்டும் வேறு லைன், கார்டா டிம்பனி என்று பெயர். முகத்தை அசைக்கிற ஃபேஷியல் நரம்பின் கிளை. பின்பக்கம் ஒரு பங்குக்கு வலியும் சுவையும் சேர்ந்தே கிளாசோஃபரிஞ்சியல் நரம்பில் போகும். நாக்கை அசைப்பதற்கு இன்னொன்று, ஹைப்போகிளாசல். ஒரு சின்னச் சதைத் துண்டுக்கு நாலு லைன். மில்லில் ஒரு கார்டிங் மெஷினுக்குக்கூட நாங்கள் இப்படி இழுத்தது இல்லை.

வேடிக்கை என்னவென்றால், சுவை லைன் நாக்கிலிருந்து நேராக மூளைக்குப் போவதில்லை. நடுக்காதுக்குள் நுழைந்து, செவிப்பறைக்குப் பின்னால், அங்கே இருக்கிற சின்ன எலும்புகளுக்கு நடுவே புகுந்து போகிறது. எந்தக் காண்ட்ராக்டர் போட்ட ரூட்டோ தெரியவில்லை.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கு 38 வயதில் இடது காதில் ஆபரேஷன். மில் சத்தமும் காதில் சீழும். செவிப்பறையில் ஒட்டுப் போட்டார்கள். அப்புறம் மூன்று மாதம் வாயில் பழைய பித்தளைக் காசை வைத்த மாதிரி ஒரு ருசி. டாக்டர் "போய்விடும்" என்றார், போய்விட்டது. காதுக்கும் நாக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்கவில்லை.

சுவை ஆராய்ச்சியில் பெயர் பெற்ற லிண்டா பார்டோஷக் என்ற அமெரிக்க அம்மாள் இருக்கிறார். அவரும் அவருடன் வேலை செய்தவர்களும் சொல்வது: சுவை லைன் உயிரோடு இருக்கிறவரைக்கும் அது வலி லைனை அடக்கி வைக்கும். சுவை லைன் பலவீனமானால் வலி லைனுக்கு மேஸ்திரி இல்லாமல் போய்விடும், தன்னிஷ்டத்துக்குக் கத்தும். இந்த நோய்க்காரர்களில் நிறையப் பேர் கசப்பு, உலோக ருசி என்று சொல்வதற்கும் இது பொருந்துகிறது.

ஆக என் கேஸ் முடிந்தது. காது ஆபரேஷன், வயர் அடிபட்டது, இத்தனை வருஷம் கழித்துப் பழுது வெளியே வந்தது.

2023 ஜூன் 18, காலை

முடியவில்லை. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். ஆபரேஷன் இடது காதில். எரிச்சலோ இரண்டு பக்கமும், நுனியிலும். ஒரு பக்க வயர் அடிபட்டதால் இரண்டு பக்கமும் எரிவானேன்? சுவை லைன்கள் மூளைக்குள் ஒன்றையொன்று பாதிக்கும் என்று விளக்கம் சொல்லலாம்தான். ஆனால் அடிபட்டதற்கும் எரிச்சலுக்கும் இடையில் 20 வருஷம். மில்லில் ஒரு ஃபால்ட்டுக்கு இவ்வளவு வசதியான காரணம் கிடைத்தால் சூப்பர்வைசர் என்னை நம்பியிருக்க மாட்டார். என் டாக்டரும் "இருக்கலாம், நிரூபிக்க முடியாது" என்றுதான் சொன்னார்.

மேலே எழுதியதை அழிக்கவில்லை. தப்பாக யோசித்ததும் இருக்கட்டும்.

2023 ஜூன் 25

"நாக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வயர் பழுது என்றால் எப்படி, யாராவது அறுத்துப் பார்த்தார்களா?" என்று ஒருவர் கிண்டலாகக் கேட்கிறார். பார்த்தார்கள் ஐயா. இத்தாலியில் மிலானில் லாரியா என்பவரின் குழு, நோயாளிகளின் நாக்கு ஓரத்தில் துளியூண்டு சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தது. 2005ல் வெளியானது. நாக்கின் மேல்தோலுக்குள் ஏறி வருகிற மெல்லிய நரம்பு இழைகள் மற்றவர்களைவிட இவர்களுக்குக் கணிசமாகக் குறைந்திருந்தன. வெறும் கண்ணுக்கும் டார்ச்சுக்கும் அகப்படாத பழுது.

இந்த இழைகளில் மிக மெல்லிசானவை சி இழைகள். அவற்றில் செய்தி போகிற வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் சுமார், நாம் நடக்கிற வேகம். அதனால்தான் சூடு பட்டால் முதலில் சுருக், அப்புறம் நிதானமாக எரிச்சல் என்று இரண்டாக வருகிறது. முதல் சுருக் பல மடங்கு வேகமான வேறு இழை.

இழை குறைந்தால் உணர்வு குறையத்தானே வேண்டும், ஏன் எரிகிறது என்பது நியாயமான கேள்வி. மிச்சம் இருக்கிற இழைகள் துடியாகிவிடுகின்றன. அவற்றின் முனையில் டிஆர்பிவி1 என்று ஒரு சென்சார் இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸ் சூட்டில் திறக்கும். மிளகாயின் கேப்சைசின் பட்டாலும் அதே கதவு திறக்கும், அதனால்தான் மிளகாய் "சுடுகிறது". 1997ல் இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021ல் நோபல் கிடைத்தது. இந்த நோய்க்காரர்களின் நாக்கு இழைகளில் இந்தச் சென்சார் கூடுதலாக இருப்பதையும் பிறகு பார்த்திருக்கிறார்கள். நரம்பு துடியாகும்போது சென்சார் திறக்கிற அளவும் இறங்கிவிடும். 43ல் அடிக்க வேண்டிய மணி வாயின் சொந்தச் சூட்டுக்கே அடித்தால் என்ன ஆகும்? உங்கள் அம்மா சொன்ன பச்சை மிளகாய் வெறும் உவமை இல்லை. மிளகாய் தட்டுகிற அதே கதவு, மிளகாய் இல்லாமலே திறந்து கிடக்கிறது.

மிளகாய் கண்டம் தாண்டி வந்ததற்கு முன்னால் நம் ஊரில் இந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது மிளகு. அதில் இருக்கிற பைப்பரினும் இதே சென்சாரைத்தான் தொடுகிறது. புதிதாக வந்த காய்க்கு மிளகாய் என்று பெயர் வைத்தவர்களுக்கு நாக்கில் நல்ல கணக்கு இருந்திருக்கிறது.

2023 ஜூலை 2

இதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். ஒருவர் சொல்கிறார்: "எங்கப்பாவுக்கும் நாக்கு எரியுது, காரம் பட்டா தாங்க மாட்டேங்கிறார், பாக்கு போடுவார், நீங்க சொன்ன நரம்பு விஷயம்தான்னு விட்டுட்டோம்."

விடாதீர்கள். நான் சொன்னது அது இல்லை. காரம் பட்டால் எரிவதும், பாக்கு அல்லது குட்கா பழக்கமும் சேர்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது வாய்க்குள் தோல் இறுகிப்போகிற நோய். கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து நார் மாதிரி ஆகும். வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். அது புற்றுநோயாக மாறக்கூடியது. மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் வைக்கச் சொல்லிப் பாருங்கள். நுழையவில்லை என்றால் இன்றைக்கே பல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நுழைந்தாலும் இந்த வாரத்துக்குள் காட்டுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, ஒரு பக்கம் மட்டும் மரத்துப்போவது, விழுங்கும்போது மின்னல் வெட்டின மாதிரி வலி, கடைவாய்ப் பல் பிடுங்கின நாளிலிருந்து ஒரு பக்கம் எரிச்சல்: இவை ஒவ்வொன்றும் வேறு வேறு நோய். எதுவும் என் வயர்க் கதையில் சேராது.

முதல் நாளே இதை எழுதியிருக்க வேண்டும். கோபம் அவர்மேல் இல்லை, என்மேல்தான்.

2023 ஜூலை 9

மாத்திரை கேட்கிறவர்களுக்கு. எனக்கு முதலில் ராத்திரி 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் கொடுத்தார்கள். நல்ல தூக்கம். ஆனால் அது எச்சிலை வற்ற வைக்கும். வறண்ட வாயில் எரிச்சல் டபுள். டாக்டரிடம் சொல்லி நிறுத்தினேன். அந்தச் சீட்டை எங்கள் தெரு மருந்துக்கடைப் பையன் வாங்கிப் பார்த்துவிட்டு "மனநல மாத்திரைங்க இது" என்று நாலு பேர் முன்னால் சொன்னான். நரம்பு வலிக்கும் அதையேதான் கொடுப்பார்கள் என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது.

ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் ஆறு மாதம் சாப்பிட்டேன். ஆரம்பத்தில் வந்த ஆய்வுகள் ஆஹா என்றன. அப்புறம் வந்தவை வெற்று மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை என்றன. என் நாக்கு இரண்டாவது கட்சி.

எனக்குக் கொஞ்சம் கேட்டது குளோனாசிபம், வலிப்புக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற மாத்திரை. விழுங்குவது இல்லை, வாயில் கரைய வைப்பது. 2004ல் பிரான்சில் சோதித்த முறை.

2023 ஜூலை 10

குளோனாசிபம் பற்றி அரைகுறையாக எழுதியதற்குத் திட்டு விழுந்திருக்கிறது. சரிதான். அந்த முறையில் மாத்திரையைச் சப்பி, எச்சிலை எரிகிற இடத்தில் மூன்று நிமிஷம் நிறுத்தி, அப்புறம் துப்பிவிட வேண்டும். நான் துப்புவதை விட்டுவிட்டேன். துப்பாவிட்டால் தூக்கம் கிறங்கும், விழுந்து வைப்போம், பழக்கமாகவும் ஆகும். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. என்னைப் பார்த்துக் கடைக்குப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

2023 ஜூலை 10, பத்து நிமிஷம் கழித்து

வெண்டைக்காய்த் தண்ணீர், நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு, பனங்கற்கண்டு எல்லாம் பண்ணியாகிவிட்டது. ஐஸ் கட்டி மட்டும் அரை மணி நேரம் காப்பாற்றும்.

2023 ஆகஸ்ட் 20

என் கட்சி தோற்றுவிட்டது. விவரமாக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் எனக்கு ஒரு டெஸ்ட் செய்தார்கள். வலது லிங்குவல் நரம்பைப் பல் பிடுங்குவதற்கு மரக்க வைக்கிற மாதிரி ஊசி போட்டு மரக்க வைப்பது. மில்லில் நாங்கள் பண்ணுவதுதான்: லைனை ஒரு இடத்தில் பிரித்துவிட்டு ஃபால்ட் இருக்கிறதா போகிறதா என்று பார்ப்பது. பிரித்ததும் போனால் ஃபால்ட் அதற்கு அந்தப் பக்கம், நாக்கிலோ அதையொட்டிய இழையிலோ. போகவில்லை என்றால் இந்தப் பக்கம், மேலே.

ஊசி போட்டுப் பத்து நிமிஷம். வலப்பக்க நாக்கு என்னுடையதே இல்லை. டாக்டரம்மா ஊசி முனையால் தொட்டார், தெரியவில்லை. உப்புத் தண்ணீர் வைத்தார், அந்தப் பக்கம் ருசி இல்லை. "இப்போ எரிச்சல்?" என்றார்.

அப்படியே இருந்தது. அதே வலப்பக்கத்தில், அதே அளவு. இல்லாத நாக்கு எரிந்தது.

நான் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துவிட்டேன். அவர் பயந்துபோனார்.

பிரான்சில் இதே ஊசியைச் சில நோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சிலருக்கு எரிச்சல் போனது, சிலருக்குப் போகவில்லை, சிலருக்குக் கூடக்கூடச் செய்தது. ஆக ஒரே பெயரில் குறைந்தது இரண்டு நோய் இருக்கிறது. ஒன்றில் ஃபால்ட் கேபிளில். இன்னொன்றில் மேலே பேனலில், அதாவது மூளைத்தண்டிலும் மூளையிலும். நான் இரண்டாவது ஆள்.

எங்கள் மில்லில் ப்ளோ ரூமில் ஒரு அண்ணனுக்கு ஆள்காட்டி விரல் போய்விட்டது. இல்லாத விரல் நமைக்கிறது என்று அவர் சொன்னபோது நாங்கள் எல்லாரும் கேலி பண்ணினோம். அவர் இப்போது இல்லை. இருந்தால் போய் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

ஓவர்லோடு ரிலே என்று ஒன்று உண்டு. மோட்டார் அதிக கரண்ட் இழுத்தால் அது ட்ரிப் பண்ணி மோட்டாரைக் காப்பாற்றும். ஒரு தடவை ஒரு ரிங் ஃபிரேம் மெஷின் வாரம் மூன்று முறை நின்றது. மோட்டாரை மாற்றினோம், கேபிளை மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கிற கருவி) வைத்துப் பார்த்தோம், சுத்தம். கடைசியில் ரிலே செட்டிங் கீழே இறங்கியிருந்தது. சாதாரண ஓட்டத்தையே ஓவர்லோடு என்று நினைத்து நிறுத்திக்கொண்டிருந்தது. உடம்பிலும் இது நடக்கும். தொடர்ந்து வலிச் செய்தி வந்துகொண்டிருந்தால் தண்டுவடமும் மூளைத்தண்டும் துடியாகிவிடும், செய்தி நின்ற பிறகும் கத்தும். கிளிஃபர்ட் உல்ஃப் என்பவர் 1983ல் எலிகளிடம் காட்டினார். நாக்கு விஷயத்திலும் பின்லாந்தில் டுர்கு நகரத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், 2001ல். மூளையின் ஆழத்தில் இருக்கிற ஒரு பகுதியில் டோபமைன் என்ற, நரம்புகள் செய்தி கடத்துகிற ரசாயனத்தின் வேலை குறைந்திருந்தது. வலியை மேலிருந்து அடக்குகிற ஏற்பாட்டில் டோபமைனுக்கும் பங்கு உண்டு.

2023 ஆகஸ்ட் 21

"மூளைன்னு ஆயிடுச்சே, அப்போ அந்த டாக்டர் மனசுன்னு சொன்னது சரிதானே?" என்று உங்கள் அப்பா கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

இல்லை. ரிலே செட்டிங் இறங்கினால் அது மில் முதலாளியின் கற்பனை ஆகிவிடாது. பேனலைத் திறந்தால் கையால் தொடக்கூடிய பொருள் அது.

ஆனால் மனசை முழுக்கத் தள்ளவும் என்னால் முடியவில்லை. பொண்ணு பிரசவத்துக்கு வந்திருந்த மாதம் எரிச்சல் தாறுமாறாக ஏறியது. பேத்தி பிறந்து வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் வரைக்கும் எனக்கு நாக்கு இருக்கிறதே மறந்துபோனது. கவலை வால்யூமைக் கூட்டும். பாட்டைப் போட்டது கவலை இல்லை. நாலு வருஷம் எரிந்தால் யாருக்குத்தான் கவலை வராது, எது முதலில் வந்தது என்று யார் பார்த்தார்கள். மனநல ஆலோசகரிடம் எட்டு தடவை போனேன். எரிச்சல் குறையவில்லை, எரிச்சலைப் பார்த்துப் பயப்படுவது குறைந்தது. இரண்டும் வேறு வேறு என்று அவரிடம் போன பிறகுதான் தெரிந்தது.

2023 நவம்பர் 5

அம்மாவுக்கு பி12 குறைவு என்று வந்து, ஊசி முடிந்து, பாதி தணிந்திருக்கிறது என்ற செய்தி பார்த்தேன். பி12 குறைந்தாலும் நரம்புதான் அடிபடும், பழைய நிலைக்கு வர மாதக்கணக்காகும். எனவே மீதிப் பாதிக்கு இப்போதே நரம்பியல் டாக்டரைத் தேடி ஓட வேண்டாம் என்று உங்கள் டாக்டர் சொன்னது எனக்கும் சரியாகப் படுகிறது. என் கதை அம்மாவின் கதை ஆக வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்த தடவை போகும்போது ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். காலை, மதியம், சாயங்காலம், படுக்கும் முன், நாலு வேளையும் பத்துக்கு எத்தனை என்று அம்மாவையே எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் என்ன சாப்பிட்டார் என்பதும். என் நோட்டில் சாயங்காலம் ஆறு, ஏழு என்று ஓடிக்கொண்டிருந்தது இப்போது மூன்று, நாலு. குளோனாசிபத்தாலா, பேத்தியாலா என்று பிரிக்க எனக்கு வழி இல்லை, இரண்டும் ஒரே மாதத்தில் வந்தன.

அப்பா ஒரு நாள் அந்த நோட்டைப் புரட்டிப் பார்ப்பார். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. இப்போது வீட்டம்மா சாயங்காலம் ஐந்து மணிக்குக் கேட்காமலே ஐஸ் கட்டி எடுத்து வந்து வைக்கிறார், மட்டன் குழம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல்.